மூத்தவளுக்கு ஒரு மூலை

கேள்வி

மும்பை செம்பூரில் வாடகைக்கு ஒன் பிஎச்கே வீடு. நான், கணவர், மாமியார், மூன்று பிள்ளைகள் என்று ஆறு பேர் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மூத்தவளுக்குப் பதினொன்றரை வயது, ஆறாம் வகுப்பு, காலை ஷிஃப்ட். பையனுக்கு 5 வயது, சீனியர் கேஜி. கடைக்குட்டிக்கு இரண்டரை. நான் வீட்டிலிருந்தே டப்பா சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறேன்; காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. நாலைந்து மாதமாக மூத்தவள் தம்பி தங்கையைப் பக்கத்திலேயே விடுவதில்லை. பள்ளிவிட்டு வந்ததும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் இருக்கிறாள். போன வாரம் ப்ராஜெக்டுக்கு வரைந்து வைத்திருந்த சார்ட்டில் பையன் ஸ்கெட்ச் பேனாவால் கிறுக்கிவிட்டான். முதுகில் விரல் பதியும்படி அடித்துவிட்டாள். "பெரியவ நீதானே விட்டுக்கொடுக்கணும்" என்று மாமியார் சொன்னதற்கு, "நான் பெரியவளா இருக்க மாட்டேன்" என்று கத்தினாள். அவளை ஹாலில் தனியாகப் படுக்க வைக்கலாம், பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றிவிடலாம் என்கிறார் கணவர். சுயநலமாக வளர்கிறாளோ என்று பயமாக இருக்கிறது. தனியறைக்கு நாங்கள் எங்கே போவோம்?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த முக்கால் மணி நேரமும் பாத்ரூமில் அவள் பெரும்பாலும் சும்மாதான் உட்கார்ந்திருப்பாள். உங்கள் வீட்டில் உள்ளே ஒருவர் இருக்கும்போது மற்றவர் தள்ளித் திறக்காத கதவு அது ஒன்றுதான். அதனால் அங்கே போகிறாள். வேறு ஓர் இடம் கிடைத்தால் இந்தப் பழக்கம் தானாகக் குறையும். குறையவில்லை என்றால் என்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அவள் கத்தியதாக நீங்கள் எழுதிய வாக்கியம். தம்பி வேண்டாம், தங்கை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. 'பெரியவள்' என்கிற வேலைதான் வேண்டாம் என்கிறாள். அந்த வேலையில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தம்பிக்குச் சாப்பாடு ஊட்டுவது, தங்கை அழுதால் தூக்குவது, பென்சில் பாக்ஸைக் கேட்டால் கொடுப்பது, டிவியில் அவர்களுக்குப் பிடித்ததைப் பார்ப்பது, அவர்கள் விழுந்து அடிபட்டால் "நீ எங்கே போனே?" என்று திட்டு வாங்குவது. இதற்கெல்லாம் நேரக் கணக்கு கிடையாது, விடுமுறையும் கிடையாது.

சுயநலமா என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளித் தோழியோடு டிபனைப் பகிர்ந்துகொள்கிறாளா? தம்பி தூங்கும்போது அவனைக் கொஞ்சுகிறாளா? அவளாகவே நினைத்து அவனோடு விளையாடும் நாள் மாதத்தில் ஒன்றிரண்டாவது இருக்கிறதா? இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் சுயநலம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பெண் குழந்தைகளுக்கு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் பருவ மாற்றம் தொடங்கும். உடம்பு மாறுகிற வயதில் யாரும் பார்க்காத இடத்தில் உடை மாற்ற வேண்டும், யாரும் குறுக்கிடாமல் யோசிக்க வேண்டும் என்று தோன்றுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. ஐந்து வயதுக்காரனுக்கும் இரண்டரை வயதுக்காரிக்கும் அது புரியாது. அக்கா இருக்கும் இடம்தான் அவர்களுக்கு விளையாட்டு மைதானம். அவள் எதைத் தொடுகிறாளோ அதைத்தான் தொடத் தோன்றும். கிறுக்கப்பட்ட சார்ட்கூடப் பொறாமையால் நடந்ததாக இருக்காது. அக்கா செய்ததை அவனும் செய்து பார்த்திருப்பான்.

இரண்டு தேவையும் நியாயமானவை. இதுவரை நடுவில் எல்லை போட்டு அதைக் காக்கும் பொறுப்பு அவள் தலையில் இருக்கிறது. "உள்ளே வராதே" என்று சொல்வதும் அவள்தான், கேட்காவிட்டால் தடுப்பதும் அவள்தான். அதிகாரம் இல்லாத காவல்காரனுக்குக் கையை ஓங்குவது தவிர வேறு வழி தெரியாது. அந்தக் காவல் வேலையைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் கேட்பது சதுர அடிக் கணக்கு அல்ல. இன்ன இடம், இன்ன நேரம் என்னுடையது, அதை அம்மா காப்பாற்றுவாள் என்ற உறுதியைத்தான் கேட்கிறாள். மூன்றடிக்கு நாலடி மூலையில்கூட இதைச் செய்ய முடியும்.

முதலில் இடம். பெட்ரூமில் ஸ்டீல் பீரோ இருந்தால் வேலை சுலபம். வழக்கமாகப் பீரோவைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவோம். அதை அப்படியே திருப்பி, அதன் பக்கவாட்டு மட்டும் சுவரில் படும்படி, அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்குமாறு நிறுத்துங்கள். பீரோவின் அகலம் ஏறக்குறைய 3 அடி, உயரம் ஆறரை அடி. அதன் முதுகுப்பக்கம் ஒரு குட்டிச் சுவர் ஆகிவிடும். அந்த முதுகுக்கும் அறையின் மூலைக்கும் நடுவில் 4 அடி விட்டால் ஒரு பாய், ஒரு மடக்கு மேசை, ஒரு ஆள் உட்கார இடம் கிடைக்கும். ஜன்னல் உள்ள மூலையாக இருந்தால் நல்லது.

பீரோவை நகர்த்தியதும் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. முதுகில் சுவர் இல்லாத பீரோ, கதவைத் திறந்து ஒரு குழந்தை தொங்கினால் முன்பக்கம் சாயும். மேல்பகுதியில் எல் வடிவ இரும்புத் தாங்கி வைத்து, ஒரு பக்கம் பீரோத் தகட்டிலும் மறுபக்கம் சுவரிலும் திருகு போட்டு இறுக்கச் சொல்லுங்கள். கனமான பட்டுப்புடவை, பாத்திரம் எல்லாம் கீழ்த்தட்டுக்குப் போகட்டும். முன்கால்களுக்கு அடியில் மெல்லிய அட்டை கொடுத்தால் பீரோ சற்றே பின்னால் சாய்ந்து நிற்கும். வாடகை வீடு என்பதால் துளை போடும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காலி செய்யும்போது 6 மில்லிமீட்டர் துளையைப் புட்டி வைத்து அடைப்பது பத்து நிமிட வேலை.

அடுத்து திரை. ஒரு பழைய சுங்குடிச் சேலை போதும். சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர். 2 மீட்டர் வீதம் இரண்டு துண்டு வெட்டினால் ஒன்றரை மீட்டர் மிஞ்சும். அதில் தலையணை உறை தைக்கலாம். சேலை அகலம் 4 அடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால், 4 அடி வாசலுக்கு ஏறக்குறைய இரட்டிப்புத் துணி கிடைத்து நல்ல மடிப்பு விழும், இடுக்கு தெரியாது. திரையின் அடி விளிம்பு தரையிலிருந்து அரை அடி மேலே நிற்கட்டும். ஃபேன் காற்று உள்ளே போகும், கடைக்குட்டியின் காலில் சிக்காது. கனமான கர்ட்டன் துணி வாங்கிவிடாதீர்கள். மும்பைப் புழுக்கத்தில் இரண்டு நாளில் அவளே திறந்து போட்டுவிடுவாள். கடையில் விற்கும் ஸ்பிரிங் ராடும் வேண்டாம். பிடித்துத் தொங்க இரண்டரை வயதுக்காரி ஒருத்தி வீட்டில் இருக்கிறாள். முதல் இழுப்பிலேயே தலையில் விழும். கம்பியின் ஒரு முனைக்குச் சுவரில் தாங்கி, மறு முனைக்குப் பீரோவின் விளிம்பில் தகரத் திருகு போட்ட தாங்கி. அவ்வளவுதான்.

உள்ளே கிளிப் வைத்த ஒரு சின்ன எல்இடி விளக்கு இருக்கட்டும், திரைத் துணியில் படாமல். வெளிச்சுவர் என்றால் மழைக்காலத்தில் ஓதம் ஏறும். புத்தகத்தைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பீரோ முதுகில் படம் ஒட்டிக்கொள்ள ஆசைப்படுவாள். ஒட்டட்டும், டேப் போட்டு. குட்டிக் காந்தங்கள் மட்டும் கூடாது.

காந்தம் என்றதும் பெட்டி பற்றிச் சொல்ல வேண்டும். பதினொரு வயதுக்காரியின் சொத்தில் பாதி, இரண்டரை வயதுக்காரிக்கு ஆபத்தானது: மணிகள், காம்பஸ், பட்டன் பேட்டரி போட்ட பொம்மைகள், அழிப்பான் துண்டுகள். 10 ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 2.7 சென்டிமீட்டர். அந்த அளவிலும் அதைவிடச் சிறிதாகவும், ஏன் சற்றுப் பெரிதாகவும் உள்ள எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கலாம். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைப் பொசுக்கத் தொடங்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உயரத்தில் வைத்தால் போதும் என்று நினைப்போம். இரண்டரை வயதுக் குழந்தை மூன்றடி உயரம்தான், ஆனால் நாற்காலியை இழுத்துப் போடத் தெரியும். ஆகவே பூட்டுள்ள டிரங்குப் பெட்டி ஒன்று வாங்குங்கள். எண் பூட்டு போட்டால் சாவி தேடும் தொல்லை இல்லை. எண் அவளுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியட்டும். தங்கையின் பாதுகாப்புக்காக நீங்கள் எப்போதாவது திறக்க நேர்ந்தால் அவள் முன்னால்தான் திறப்பீர்கள் என்று அவளிடமே சொல்லிவிடுங்கள். டைரி எழுதினால் அதைப் படிக்காதீர்கள்.

இடம் இருந்தும் பல வீடுகளில் திட்டம் நேரத்தில்தான் கவிழ்கிறது. 'எப்போது வேண்டுமானாலும் போய் உட்கார்' என்று சொன்னால் எப்போதுமே கிடைக்காது, ஏனென்றால் எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருக்கும். ஒரே நேரம், தினமும். உங்கள் வீட்டுக்கு மதியம் 2 முதல் 3 பொருந்தும் என்று நினைக்கிறேன். காலை டப்பா முடிந்திருக்கும், மாலை டப்பா தொடங்கியிருக்காது, கடைக்குட்டி தூங்குவாள். பள்ளிவிட்டு வந்ததும் சாப்பாடு போடுங்கள்; "டெஸ்ட் பேப்பர் கொடுத்தாங்களா?" என்ற கேள்வியை நாலு மணிக்கு ஒத்திவையுங்கள். 2 மணிக்கு அவள் திரைக்குள் போகட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் படித்தாலும் சரி, விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. ஹோம்வொர்க் முடித்தால்தான் மூலை என்று நிபந்தனை போட்டால் அது இன்னொரு வகுப்பறை ஆகிவிடும். ஃபோன் மட்டும் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும்.

அந்த நேரத்தில் உங்கள் வேலை பையனைப் பார்ப்பது. மாமியாரிடம் விடலாமா என்றால், அவர்களும் மதியம் கண் அசருவார்கள். பாதித் தூக்கத்தில் உள்ளவரை ஐந்து வயதுக்காரன் இரண்டே நிமிடத்தில் தாண்டிவிடுவான். அவனுக்கென்று ஒரு டப்பா தயார் செய்யுங்கள். அது அக்கா நேரத்தில் மட்டும்தான் வெளியே வரும், மணி 3 ஆனதும் மேலே ஏறிவிடும். உள்ளே துணி மாட்டும் கிளிப், பழைய காலண்டர் தாள், மெழுகு க்ரேயான், ஒரு உருண்டை சப்பாத்தி மாவு. உப்பைக் கொட்டிப் பிசையும் விளையாட்டு மாவு வேண்டாம். தங்கை எடுத்துத் தின்றால் வம்பு. துவரம்பருப்பு, பட்டாணியும் வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது. இப்படி மூன்று டப்பா வைத்து நாளுக்கொன்றாக மாற்றினால் அலுப்பு வராது.

முதல் நாளே ஒரு மணி நேரம் முயலாதீர்கள். 15 நிமிடத்தில் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் கூட்டுங்கள். பையனுக்கு மணி பார்க்கத் தெரியாது. சுவர்க் கடிகாரத்தில் நேரம் முடியும் எண்ணின் மேல் சிவப்புக் காகிதம் ஒட்டி, "பெரிய முள்ளு சிவப்புக்கு வந்ததும் அக்கா வருவா" என்று காட்டுங்கள். முள் அங்கே வந்ததும் அவள் வரவேண்டும். இதை அவளிடமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: வெளியே வந்ததும் தம்பியோடு 10 நிமிடம், அவள் தேர்ந்தெடுக்கும் விளையாட்டு, பத்தாவது நிமிடம் முடிந்தால் எழுந்து போகலாம். காத்திருந்தால் அக்கா கிடைப்பாள் என்று அவனுக்கும், அதற்கு ஒரு முடிவு உண்டு என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

மூன்றாவது, நான்காவது நாள் அவன் முன்பைவிட அதிகமாக அழுவான். திரையை இழுப்பான், பீரோவைத் தட்டுவான். பலரும் இங்கேதான் கைவிடுகிறார்கள். பழைய வழி பலிக்கவில்லை என்றால் குழந்தை அதையே இன்னும் பலமாகச் செய்து பார்க்கும், அதுதான் காரணம். இருபது நிமிடம் அழுத பிறகு "சரி, ஒரு தடவை போய்ப் பாரு" என்று விட்டால், இருபது நிமிடம் அழுதால் திரை திறக்கும் என்பதை நீங்களே கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவனைத் தூக்கி ஹாலுக்குக் கொண்டு வாருங்கள், மடியில் வையுங்கள், அழட்டும். "அக்கா வேணும்னு இருக்கு, இல்ல? முள்ளு எங்க இருக்கு பாரு." திட்ட வேண்டாம். அவன் தப்பு எதுவும் செய்யவில்லை. அவனுக்கும் ஒரு பாய் விரித்து 'தம்பி பாய்' என்று பெயர் வையுங்கள். அதில் அடுக்கி வைத்ததை அக்காவும் கேட்காமல் எடுக்கக் கூடாது. எல்லை என்பது தன்னைத் துரத்துவதற்காக வந்ததல்ல என்று அவனுக்கு அப்போது பிடிபடும்.

ஒரு வாரம் சண்டை நடக்கும் நேரங்களைக் காலண்டரில் குறித்துப் பாருங்கள். பெரும்பாலானவை மாலை 5 முதல் 7 வரை விழும் என்று ஊகிக்கிறேன். நீங்கள் அடுப்படியில் இருக்கும் நேரம் அது. "கொஞ்சம் தம்பி தங்கையைப் பார்த்துக்கோ" என்ற குரல் எழும் நேரமும் அதுதான். நம் வீடுகளில் 'பார்த்துக்கோ' என்ற சொல்லுக்கு அளவே கிடையாது. எதுவரை, எவ்வளவு நேரம், அடிபட்டால் யார் பொறுப்பு என்று எதுவும் தெரியாமல் ஒரு பிள்ளை இரண்டு பிள்ளைகளைச் சுமக்கிறாள். அதை அளந்து கேளுங்கள்: "நான் குக்கர் இறக்குற வரைக்கும், பத்து நிமிஷம், தம்பி பக்கத்துல உட்காரு. அவன் எந்திரிச்சா என்னைக் கூப்பிடு, நீ பிடிக்க வேண்டாம்." யூனிஃபார்ம் எடுத்து வைப்பது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது போன்ற வேலைகள் அவள் வயதுக்குப் பழுதில்லை. கழுவிவிடுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது, அடிபட்டால் பதில் சொல்வது இவை அவளுடையவை அல்ல. காய் நறுக்கும் வேலையை மதியம் 3 மணிக்கே முடித்துவிட்டு, ஐந்தரைக்கு மாமியார் சின்னவர்கள் இருவரையும் சொசைட்டி வளாகத்துக்குக் கூட்டிப்போக முடியுமா பாருங்கள். முட்டி வலி என்றால் கீழே ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்க வாட்ச்மேன் மறுக்க மாட்டார்.

இனி அந்த அடி. கை ஓங்கினால் நீங்கள் குறுக்கே போய்க் கையைப் பிடித்து, "அடிக்க விடமாட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். முதலில் சின்னவனை அங்கிருந்து நகர்த்துங்கள். "யார் ஆரம்பிச்சது?" என்ற விசாரணை வேண்டாம், அதில் இருவருமே தோற்பார்கள். சூடு ஆறியதும் அவளிடம் ஒரு கூப்பிடு சொல் பேசி வையுங்கள். 'அம்மா, வாசல்!' என்று வைத்துக்கொள்வோம். அவள் அதைச் சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் நீங்கள் வந்து பையனைக் கூட்டிப்போவீர்கள். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வாருங்கள். முதல் பத்து நாள் இதில் தவறவே கூடாது. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்" என்று ஒரு தடவை பதில் வந்தாலும் அவள் கைக்கே திரும்பிவிடுவாள். சார்ட்டைப் பொறுத்தவரை, 'சின்னப் பையன், தெரியாம செஞ்சுட்டான்' என்பது உண்மைதான், ஆனால் அது அவள் இழந்ததற்கு ஈடாகாது. கடையில் ஒரு சார்ட் வாங்கி வந்து, இரவு நீங்களோ அவள் அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டுக் கொடுங்கள்.

மாமியாரிடம் வாதாடிப் பயனில்லை, அதிலும் பிள்ளைகள் முன்னால். விட்டுக்கொடுப்பது நல்ல குணம் என்று அவர்கள் நினைப்பதில் தப்பும் இல்லை. 'அவளுக்கென்று ஒன்று இருந்தால்தானே அத்தை விட்டுக்கொடுப்பா' என்று தனியாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கென்று ஒரு பொறுப்பும் கொடுங்கள்: மாலைக் கதை நேரம் ஆச்சியுடையது, சின்னவர்கள் இருவரும் ஹாலில்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்கள் பெண் வயதுக்கு வரும் காலம் தொலைவில் இல்லை. திரை போட்ட ஒரு மூலை வீட்டில் இருந்தால், 'மூணு நாளும் அங்கேயே இருக்கட்டும்' என்ற பேச்சு எழ வாய்ப்புண்டு. அதற்கு மட்டும் இடம் கொடுத்துவிடாதீர்கள். அவள் விரும்பிப் போகும் இடம், அவளை ஒதுக்கி உட்கார வைக்கும் இடமாக மாறினால் பிறகு அங்கே கால் வைக்க மாட்டாள். மறுபடி பாத்ரூம்தான். நாப்கினும் மாற்று உடையும் அந்தப் பெட்டியில் இப்போதே இருக்கட்டும். எதற்கு என்று நீங்களே அவளுக்கு விளக்கிவிடுங்கள்.

கணவர் சொன்ன ஹால் யோசனை சரிவராது. 6 முதல் 12 வயதுள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. காலை ஷிஃப்டுக்கு ஐந்தே முக்காலுக்கு எழுகிறவள் எட்டே முக்காலுக்காவது படுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஹாலில் டிவி ஓடும், அப்பா சாப்பிடுவார், காலிங் பெல் அடிக்கும். மாற்றிப் போடுங்கள்: பெட்ரூமில் மூத்தவளும் சீக்கிரம் தூங்கும் ஆச்சியும், நீங்கள் இருவரும் சின்னவர்களோடு ஹாலில். சின்னவர்கள் பெட்ரூமிலேயே தூங்கிப்போனால் பத்து மணிக்குத் தூக்கி வந்து கிடத்தலாம்.

மாடிக்கட்டில் வாங்கலாமா என்று அடுத்து யோசனை வரும். வாங்கினால் மேல்தட்டு அவளுக்கு மட்டும். 6 வயதுக்குட்பட்டவர்கள் ஏறக் கூடாது. பக்கத் தடுப்பு மெத்தையின் மேல்மட்டத்திலிருந்து குறைந்தது 5 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். கட்டில் கடைக்காரர் சொல்லாத விஷயம் ஃபேன். 1200 மில்லிமீட்டர் ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி சுற்றும். நம் வீடுகளின் கூரை உயரத்தில், மேல்தட்டில் எழுந்து உட்காரும் பிள்ளை கையைத் தூக்கினால் இறக்கை படும். இறக்கை நுனியிலிருந்து ஒரு கை நீளத்துக்கு அப்பால் கட்டில் போட முடியாத அறை என்றால் மாடிக்கட்டில் எண்ணத்தை விட்டுவிடுங்கள், அல்லது சுவர் ஃபேனுக்கு மாறுங்கள்.

வருகிற ஜூனில் பையன் ஒன்றாம் வகுப்புக்குப் போவான். பள்ளியில் மதிய ஷிஃப்ட் இருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள். அக்கா திரும்பும் நேரத்தில் அவன் கிளம்பினால் இந்தப் பிரச்சினையில் பாதி கடிகாரத்தாலேயே தீர்ந்துவிடும். ஜூன் என்றால் மழையும்தான். செப்டம்பர் வரை சின்னவர்கள் கீழே போக முடியாத மாலைகள் நிறைய வரும், ஈரத் துணி வீட்டுக்குள் வரும். முதல் பலி அந்த மூலைதான். திரைக் கம்பியில் யாராவது பெட்ஷீட்டைக் காயப்போடுவார்கள். அந்தக் கம்பியில் துணி கூடாது என்று இப்போதே வீட்டுச் சட்டம் ஆக்குங்கள். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மூலை பறிபோவதைத் தவிர்க்க முடியாது. முந்தின நாளே அவளிடம் சொல்லுங்கள், எத்தனை நாள் என்றும் சொல்லுங்கள். பெட்டியை மட்டும் யாரும் நகர்த்தக் கூடாது. அந்த நாட்களில் அவள் அப்பா ஒரு மணி நேரம் அவளை மட்டும் வெளியே கூட்டிப்போகட்டும். டயமண்ட் கார்டனில் ஒரு சுற்று, இல்லை மாதுங்காவுக்குப் போய் இட்லியும் காபியும். போகும் வழியில் படிப்பைப் பற்றிப் பேசாமல் இருந்தால் போதும்.

இவ்வளவும் ஒரு மாதம் செய்த பிறகும் பாத்ரூம் பழக்கம் மாறவில்லை என்றால் கவனியுங்கள். முதலில் சாதாரணக் காரணங்கள்: மலச்சிக்கல் இருக்கிறதா, உடம்பு மாற்றத்தைப் பற்றிய கூச்சமா. அடுத்து, தம்பி தங்கையை மட்டுமல்லாமல் தோழிகளையும் விலக்குகிறாளா, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ குறைந்திருக்கிறதா, கையிலோ தொடையிலோ கீறல் தெரிகிறதா. எல்லாவற்றையும்விட முக்கியமாக, குறிப்பிட்ட ஒருவர் வீட்டுக்கு வரும்போது மட்டும் தாழ்ப்பாள் போடுகிறாளா. இதில் எது இருந்தாலும் 'தனிமை வேண்டும் வயது' என்று கடந்து போகாதீர்கள். பள்ளி ஆலோசகரையோ குழந்தை மருத்துவரையோ பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும்; குழந்தையின் பாதுகாப்பு பற்றிய பயம் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்.

தாழ்ப்பாள் பற்றிய கேள்வி மிச்சம் இருக்கிறது. கழற்ற வேண்டாம். அவளுக்கென்று இப்போது இருக்கும் ஒரே கதவை எடுத்துவிட்டு, நம்பிக்கையைப் பற்றி அவளிடம் பேச முடியாது. ஆனால் கீழே உள்ள தாழ்ப்பாளால் வேறு ஓர் ஆபத்து உண்டு. இரண்டரை வயதுக்காரி உள்ளே போய்ப் போட்டுக்கொண்டால் அவளுக்குத் திறக்கத் தெரியாது. அதைக் கழற்றி நாலரை அடி உயரத்தில் மாட்டுங்கள். மூத்தவளுக்கு எட்டும், கடைக்குட்டிக்கு எட்டாது. வெளியிலிருந்து நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கும் வகைப் பூட்டு ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். கதவு அதற்குத் தோதாக இருந்தால் அதையே போடச் சொல்லுங்கள், நாணயத்தை மேல் சட்டத்தில் ஒட்டி வையுங்கள். மாலையில் அவளுக்கென்று இருபது நிமிட பாத்ரூம் நேரமும் ஒதுக்குங்கள். அந்த இருபது நிமிடத்தில் அவசரம் என்று யார் கதவைத் தட்டினாலும், இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பதில் வரும்வரை நிற்க வேண்டும். அப்பாவுக்கும் ஆச்சிக்கும் சேர்த்துத்தான்.